டபுள்ஸ் ஞானத்துக்கு ஒரு பேட்டா

சமீபத்தில் எங்கள் கர்நாடக டென்னிஸ் சங்கத்தில் நடந்த ஒரு போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். முழங்காலில் கையை ஊன்றி, கோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார்களே லைன் அம்பயர்கள், அவர்களில் ஒருவரைக்கூடக் காணோம். கேமராக்கள் பார்க்கின்றன. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் ‘அவுட்’ என்கிறது. ஆட்டக்காரர்கள் மறுபேச்சில்லாமல் அடுத்த பந்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு நான் வாங்கிய முறைப்பு கொஞ்சநஞ்சமல்ல.

கேன்டீனில் இளைய அம்பயர்கள் சிலர் என் மேஜைக்கு வந்தார்கள். அவர்களில் நிவேதா என்ற பெண், திருச்சியிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவள், சனி ஞாயிறுகளில் அம்பயர். “மேம், மெஷின் இல்லாத காலத்துல உங்களுக்கு ரொம்ப டஃப்பான கால் எது?” என்று கேட்டாள்.

கோட்டை உரசியும் உரசாமலும் விழுந்த ஏதோ ஒரு பந்தின் கதையை எதிர்பார்த்தாள் என்று தெரிந்தது. “பந்து கோட்டுப் பக்கமே போகல. ஒருத்தர் வாயைத் திறந்தார். அதுக்குத்தான் நான் தீர்ப்பு சொன்னேன்” என்றேன். நாற்காலிகள் நெருங்கி வந்தன. அன்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கூடவே சொன்ன, அந்த வாயைத் திறந்த மனிதரைச் சங்கம் இந்த வருஷம் கௌரவித்த கதையையும்.

என் பெயர் மெர்சி. வீடு ரிச்சர்ட்ஸ் டவுன். பிழைப்புக்கு ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர் வேலை, மீதி நேரமெல்லாம் அம்பயர் வேலை. முதலில் லைனில் நின்றேன். வெயிலில் கறுத்தேன். தேர்வு எழுதினேன், ஒரு தடவை தோற்றேன், மறு தடவை தேறினேன். அப்புறம் உயர நாற்காலியில் ஏற்றிவிட்டார்கள். இறங்கியது ஓய்வு பெற்ற அன்றுதான். பயிற்சியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

ஆனால் எங்கள் சீஃப் ரெஃபரி விக்டர் சாரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கோர்ட்டில் சண்டை என்று ஆள் அனுப்பினால் அவர் ஓடி வந்து நான் பார்த்ததில்லை. வெள்ளைத் தொப்பியைச் சரி செய்துகொண்டு, கோர்ட்டின் வெளி ஓரமாகச் சுற்றிக்கொண்டு, பூங்காவுக்கு வந்தவர் மாதிரி நடந்து வருவார். அவர் வந்து சேர்வதற்குள் கத்திக்கொண்டிருந்தவருக்குத் தொண்டை வறண்டுவிடும். அதற்காகத்தான் அந்த நடை என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் விளங்கியது. வந்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பார். ஆட்டக்காரர்கள் பக்கம் திரும்பவே மாட்டார். அம்பயரிடம் மூன்று கேள்விகள் கேட்பார்.

“என்ன பார்த்தே? என்ன சொன்னே? இப்ப என்ன கேக்கறாங்க?”

இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு வரியில் பதில் சொல்ல வேண்டும். நான்காவது வரி வந்தால் கையை உயர்த்திவிடுவார். “கதை பேடாம்மா” என்பார், கதை வேண்டாம் என்று கன்னடத்தில். பந்து உள்ளேயா வெளியேயா என்பதில் அம்பயர் சொன்னதுதான் முடிவு, அதில் அவர் தலையிட மாட்டார். விதியைத் தப்பாகப் போட்டிருந்தால் மட்டும் மாற்றுவார். அப்போதும் அம்பயரைக் கடிந்து ஒரு சொல் ஆட்டக்காரர்கள் முன்னால் வராது. திட்டெல்லாம் டீ நேரத்தில்தான்.

இனி அந்த வாயைத் திறந்தவரையும் அவர் ஜோடியையும் பற்றி. ஞானசேகர் ஜீவனஹள்ளிக்காரர், வெல்டிங் பட்டறை வைத்திருந்தவரின் மகன். ஊரே டபுள்ஸ் ஞானம் என்றுதான் கூப்பிடும். தனி ஆட்டத்தில் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிவிடுவார். பக்கத்தில் மஞ்சுநாத் நின்றால் அவரே வேறு ஆள். மஞ்சு ஜெயநகர்காரர், கன்னடக்காரர், நம் தமிழை நன்றாகவே பேசுவார். ஞானம் வலை ஓரத்தில் பூனை போல நிற்பார். மஞ்சு பின்னால் நின்று எந்தப் பந்தையும் திருப்பி அனுப்புவார். இருவரும் இடைவிடாமல் பேசிக்கொண்டே ஆடுவார்கள். ‘என்னது’ (என் பந்து), ‘நிந்து’ (உன் பந்து), ‘விடு’, ‘பிடி’ என்று பாதி தமிழ், பாதி கன்னடம். மாநில டபுள்ஸ் கோப்பை வருஷா வருஷம் இவர்கள் வீட்டில்தான் இருக்கும்.

ஒரு வருஷம், மாநில ஃபைனலுக்குச் சற்று முன்னால் ஒரு விஷயம் நடந்தது. தேசியப் போட்டியில் தன்னோடு ஆட வருமாறு டெல்லி ஆட்டக்காரர் ஒருவர் மஞ்சுவைக் கேட்டிருந்தார். பெரிய பெயர். மஞ்சு சரி என்று சொல்லிவிட்டார். ஞானத்திடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியிருக்கிறார். அதற்குள் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுபவர், எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பில், ஞானத்திடமே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. மாநிலப் போட்டியில் ஏற்கெனவே ஜோடியாகப் பெயர் கொடுத்தாகிவிட்டது, மாற்ற முடியாது. பேசாமலே ஆடி ஃபைனல் வரை வந்துவிட்டார்கள்.

ஃபைனலுக்கு நான் சேர் அம்பயர். வழக்கம் போல வலையின் நடுவில் அளவுகோலை வைத்து மூன்று அடி சரிபார்த்தேன். கம்பங்களை ஆட்டிப் பார்த்தேன். பந்துகளை எண்ணி வாங்கினேன். ஏறி உட்கார்ந்தேன்.

டபுள்ஸில் வலையோரம் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல்களால் சைகை காட்டுவார். எந்தப் பக்கம் பாயப்போகிறார் என்பதற்கு அடையாளம். ஞானம் அன்றும் காட்டினார். ஆனால் ஒவ்வொரு விரலையும் ஏதோ கெட்ட வார்த்தை சொல்வது போல நீட்டினார். மஞ்சு அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு அதன்படியே சர்வீஸ் போட்டார். இதெல்லாம் மேலே இருந்த எனக்குத்தான் தெளிவாகத் தெரிந்தது. சிரிக்கக் கூடாத இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கஷ்டம், நடுவில் வந்த பந்துகளில்தான். ‘என்னது’ என்று யாரும் சொல்லவில்லை. இருவரும் நின்று பார்த்தார்கள், பந்து இருவருக்கும் நடுவே போய்ச் சுவரில் மோதியது. முதல் செட் போயிற்று. இரண்டாவதை எப்படியோ பிடித்தார்கள். பக்கம் மாறும் இடைவேளையில் இருவரும் என் நாற்காலிக்குக் கீழே பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மஞ்சு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

“மேடம், அவன்கிட்ட சொல்லுங்க. அந்தப் பக்கம் எனக்கு வெயில் கண்ல அடிக்குது. தலைக்கு மேல லாப் வந்தா அவன் எடுக்கட்டும்.”

“நான் சொல்லக் கூடாது. அது கோச்சிங் ஆயிடும். நீங்களே சொல்லுங்க.”

பக்கத்து நாற்காலியில் ஞானம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “கேட்டுச்சுன்னு சொல்லுங்க மேடம்.”

“டைம்” என்றேன். வேறு என்ன சொல்வது?

மூன்றாவது செட் டைபிரேக்குக்குப் போயிற்று. ஆறுக்கு ஐந்து. ஞானம் ஜோடிக்கு மேட்ச் பாயிண்ட். ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை.

நீண்ட ஆட்டம். ஞானம் ஒரு பந்தைத் தூக்கி லாப் அடித்தார். அது குட்டையாகிவிட்டது. எதிரணியில் உயரமான ஒருவர், அதற்குக் கீழே வந்து ஸ்மாஷ் அடிக்கக் கையை ஓங்கிவிட்டார். அவருக்கு நேர் எதிரே, வலைக்கு மிக அருகில், முந்தின பந்தை எடுக்க முன்னால் ஓடி வந்திருந்த மஞ்சு நின்றார். வெயில் கண்ணில். பந்தையே பார்க்கவில்லை அவர்.

“மஞ்சு, பின்னாடி வா!”

ஞானத்தின் குரல். அன்று முழுக்க அவர் மஞ்சுவிடம் பேசிய முதல் பேச்சு. மஞ்சு குனிந்தார். உயரமானவரின் ஸ்மாஷ் வலையில் போய் விழுந்தது. கூட்டம் எழுந்து நின்றது.

“ஹிண்ட்ரன்ஸ்” என்றேன் நான்.

இளைய அம்பயர்களுக்கு விதி தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பந்து உங்கள் பக்கம் வரும்போது ஜோடியிடம் என்ன வேண்டுமானாலும் கத்தலாம். பந்து எதிராளியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது, அவர் அடிக்கப் போகிற நேரத்தில் கத்தினால், அது அவருக்கு இடைஞ்சல். பாயிண்ட் அவருக்கு. யாருக்காகக் கத்தினோம், எதற்காகக் கத்தினோம் என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை. எழுந்து நின்ற கூட்டம் அப்படியே நிற்க, “சிக்ஸ் ஆல்”, ஆறுக்கு ஆறு, என்று மைக்கில் சொன்னேன். ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் பறந்து வந்து என் நாற்காலிக் காலடியில் விழுந்தது.

ஞானம் மெதுவாக நடந்து வந்தார். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அந்த முகத்தில் அதிகம் இருந்தது.

“மேடம், மூணு செட்டா வாயே தொறக்கல. ஒரே ஒரு தடவை. அதுக்கா?”

“பந்து அவங்ககிட்ட போயிட்டிருந்தது ஞானசேகர்.”

அவருக்குப் பின்னாலேயே மஞ்சு வந்தார். வந்தவர் ஞானத்தைத் தாண்டி முன்னால் நின்றுகொண்டார். “அவங்களைத் தொந்தரவு பண்ண அவன் கத்தல மேடம். என் மூஞ்சில பந்து படப்போகுதுன்னு கத்தினான். அது தப்பா? நீங்களே பார்த்தீங்க இல்ல?”

பார்த்தேன்தான். அந்தக் குரலில் இருந்த பதற்றம் எனக்கும் கேட்டது. ஸ்மாஷ் வலையைத் தாண்டியிருந்தால் மஞ்சுவின் கண் என்ன ஆகியிருக்கும் என்பதும் தெரியும். ஆனாலும், “ரெஃபரியைக் கூப்பிடுறேன்” என்று மட்டும் சொன்னேன்.

விக்டர் சார் சுற்றிக்கொண்டு வந்தார். தொப்பி, நடை, கண்ணாடி, எல்லாம் வழக்கம் போல.

“என்ன பார்த்தே?”

“பந்து எதிர்ப்பக்கம் போகும்போது ஞானசேகர் சத்தமா பார்ட்னரைக் கூப்பிட்டார். எதிராளி ஸ்மாஷ் அடிச்சிட்டு இருந்தார்.”

“என்ன சொன்னே?”

“ஹிண்ட்ரன்ஸ். சிக்ஸ் ஆல்.”

“இப்ப என்ன கேக்கறாங்க?”

“பார்ட்னரைக் காப்பாத்தக் கத்தினதுக்கு பாயிண்ட் போகலாமான்னு கேக்கறாங்க.”

விக்டர் சார் தொப்பியைச் சரி செய்துகொண்டார். அப்புறம், எனக்கு ஞாபகம் இருக்கிற வரையில் முதல் தடவையாக, ஆட்டக்காரர் பக்கம் திரும்பினார். “கத்தினது சரிதாம்பா. பாயிண்ட் போனதும் சரிதான்” என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. இருவரும் கோட்டுக்குப் போய் நின்றுகொண்டு பேச ஆரம்பித்தார்கள். பல நாள் பேச்சு பாக்கி இருந்தது போலும். டெல்லிக்காரர் பெயர் கேட்டது, நரம்பு கட்டுபவர் பெயர் கேட்டது, “மொதல்ல என்கிட்ட சொல்லியிருக்கணுமா இல்லியா?” என்று கேட்டது. நேரம் கடத்துகிறார்கள் என்று நான் எச்சரிக்கை கொடுக்க வேண்டியதாயிற்று. எட்டுக்கு ஆறு என்று தோற்றார்கள். தோற்ற பிறகும் பேச்சு நிற்கவில்லை, கை குலுக்கும்போதும் பேசிக்கொண்டே குலுக்கினார்கள். பரிசளிப்பில் இரண்டாம் பரிசு வாங்கியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள் என்று பத்திரிகைக்காரர் ஒருவர் குழம்பிப்போனார்.

டீ நேரத்தில் விக்டர் சார் எதிரே வந்து உட்கார்ந்தார். திட்டு வரும் என்று காத்திருந்தேன். பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, “நாளைக்கு மிக்ஸட் ஃபைனலும் நீயே உக்காரு” என்றார். அவ்வளவுதான். அன்று ரிச்சர்ட்ஸ் டவுன் வரை பாடிக்கொண்டே ஸ்கூட்டர் ஓட்டினேன்.

மஞ்சு டெல்லிக்காரரோடு போகவில்லை. ஞானத்தோடு தேசியப் போட்டிக்குப் போய் அடுத்தடுத்து இரண்டு வருஷம் கோப்பையோடு வந்தார். கர்நாடகத்துக்கு டபுள்ஸில் அப்படி ஒரு காலம் அதற்கு முன்னால் இருந்ததில்லை. ஞானம் மட்டும் என்னிடம் ஆட்டம் முடிந்ததும் “தேங்க்யூ அம்பயர்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். மேடம் என்று கூப்பிடுவது போய்விட்டது. எனக்கு வருத்தம்தான், ஆனால் அந்த நாற்காலியில் உட்காருபவர் அதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

இப்போது இந்த வருஷத்துக்கு வருகிறேன். எங்கள் சங்கம் வருஷத்துக்கு ஒரு பழைய ஆட்டக்காரரைக் கூப்பிட்டு மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்தி, சந்தன மாலையும் பழக்கூடையும் கொடுத்துக் கௌரவிக்கும். இந்தத் தடவை ஞானத்துக்கு என்று முடிவாயிற்று. நானும் கமிட்டியில் இருந்தேன். “டபுள்ஸ் ஆடினவர் சார், ரெண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிடலாமே” என்றேன். செக்ரட்டரி முடியாது என்று தலையாட்டினார். “வருஷத்துக்கு ஒருத்தர்தான் மேடம். ரூல். அவர் இந்த வருஷம், இவர் அடுத்த வருஷம்.” விதி என்று சொல்லி என்னையே மடக்கிவிட்டார்.

ஞானம் போனில் இரண்டு தடவை மறுத்துவிட்டார். நேரில் போய்க் கேட்க என்னை அனுப்பினார்கள். எனக்கு உள்ளூரச் சந்தேகம். பழைய கோபம்தான் காரணமோ என்று.

ஞானம் இப்போது சந்தாபுராவில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அபார்ட்மென்ட் குழந்தைகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுக்கிறார். தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், “வாங்க மேடம்” என்றார். அந்த மேடத்தைக் கேட்டு எனக்குப் பாதி உயிர் வந்தது.

“என் மேல கோபமா?” என்றேன்.

“எதுக்கு? ஓ, அதுவா?” சிரித்தார். “கோபம்லாம் எப்பவோ ஆய்த்து, போயே போச்சு மேடம். அன்னிக்கு நீங்க அந்தப் பாயிண்டைக் குடுத்திருந்தா கப்பை வாங்கிட்டு ஆளுக்கொரு பக்கம் போயிருப்போம்.”

“அப்ப ஏன் விழாவுக்கு மாட்டேங்கறீங்க?”

மனைவி கொண்டு வந்த கேசரியை என் பக்கம் நகர்த்தினார். “மஞ்சுவுக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆச்சு, தெரியுமா? டாக்டர் நடக்கச் சொல்றார், இவன் நடக்கறதில்ல. அடுத்த வருஷம்னு சொல்றாங்க. அடுத்த வருஷத்துக்கு யார் கேரண்டி? மொதல்ல அவனுக்குக் குடுங்க. எனக்கு எப்ப வேணா குடுங்க, குடுக்காட்டியும் பரவால்ல.”

சங்கத்தில் சொன்னேன். செக்ரட்டரியும் நல்ல மனிதர்தான், சம்மதித்தார். மஞ்சுவைக் கேட்க ஜெயநகர் போனேன். இளைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

“பேடா மேடம். எனக்கு வேணாம். இது அவனோட வேலைதானே? நான் போயிடுவேன்னு பயந்து மொதல்ல எனக்குக் குடுக்கச் சொல்றான். பாவப்பட்டுக் குடுக்கற பேட்டாவை நான் தலைல வெச்சுக்க மாட்டேன். அவன் வாங்கட்டும். நான் உக்காந்து கை தட்டறேன்.”

ஆக, ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய கௌரவத்தை இருவரும் வேண்டாம் என்றார்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும் என்று செக்ரட்டரி போன் மேல் போன். எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. ஞானத்தை ஜெயநகருக்கு வரவழைத்தேன். மஞ்சு வீட்டு ஹாலில் இருவரையும் எதிரெதிரே நிற்க வைத்தேன்.

“ரெண்டு பேரும் சொல்றது நியாயமாத்தான் இருக்கு. அதனால டாஸ். ஜெயிச்சவர் என்ன சொல்றாரோ அதுதான். அப்புறம் பேச்சு கூடாது. சம்மதமா?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்மதித்தார்கள். தலையா பூவா என்று ஞானத்தைச் சொல்லச் சொன்னேன். “ஹெட்ஸ்” என்றார். நாணயத்தைச் சுண்டினேன். சோபாவுக்குப் பக்கத்தில் விழுந்தது. ஞானம்தான் முதலில் குனிந்து பார்த்தார். அவர் தோள்கள் தொங்கிப்போயின. டெயில்ஸ்.

“மஞ்சுநாத் ஜெயிச்சார். சர்வா, ரிசீவா?” என்றேன், பழக்க தோஷத்தில்.

மஞ்சு முகத்தில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. “சர்வ். பேட்டாவை நான் வெக்கறேன். இவன் ரிசீவ் பண்ணட்டும்.”

ஞானம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையை உயர்த்தினேன்.

விழா நன்றாக நடந்தது. மேடையில் ஞானத்தை அலங்கார நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து விசிலடித்தார்கள். மஞ்சு எழுந்து போய், இரண்டு கையாலும் பேட்டாவைப் பிடித்து, ஞானத்தின் தலையில் வைத்தார். கொஞ்சம் பெரிதாக இருந்தது, புருவம் வரை இறங்கியது. மஞ்சு அதைப் பின்னால் தள்ளிச் சரி செய்தார். கை எடுக்க மனமில்லாதவர் போல மறுபடியும் சரி செய்தார். ஞானத்தைப் பேசச் சொன்னார்கள். அவர் மைக்கைப் பிடித்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். சிங்கிள்ஸ்ல நான் எவ்ளோ நேரம் நிப்பேன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். இப்பவும் தனியாத்தான் நிக்க வெச்சிருக்கீங்க. அதனால சீக்கிரம் முடிச்சுக்கறேன். தேங்க்ஸ்.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மஞ்சு மட்டும் சிரிக்கவில்லை, கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

கேன்டீனில் இதையெல்லாம் கேட்டு முடித்த நிவேதா, “அப்புறம் என்ன ஆச்சு மேம்? மஞ்சு சார் எப்படி இருக்கார்?” என்று கேட்டாள். விழாவுக்கு அப்புறம் அவரை நானும் பார்த்திருக்கவில்லை என்பதால், போன வாரம் ஒரு காலையில் ஜெயநகர் பூங்காவுக்குப் போய்ப் பார்த்தேன்.

விழா முடிந்த மறுநாளிலிருந்து ஞானம் தினமும் தன் வீட்டுக்கு அருகே பொம்மசந்திராவில் முதல் மெட்ரோவைப் பிடித்து வருகிறாராம். மஞ்சு வீட்டுக் கதவைத் தட்டி, ஷூவை எடுத்துக் கையில் கொடுத்து, பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போகிறார். நான் பார்த்தபோது மஞ்சு முன்னால் முனகிக்கொண்டே நடந்தார். ஞானம் ஓரடி பின்னால், மஞ்சுவின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். மஞ்சு நின்றால் அவரும் நின்றார், பெஞ்சைப் பார்த்தால் மட்டும் முதுகில் கை வைத்துத் தள்ளினார். டாக்டர் மாத்திரையைக் குறைத்திருக்கிறாராம்.

ஞானம் தண்ணீர் பிடிக்கக் குழாய்ப் பக்கம் போனபோது மஞ்சு என்னிடம் ரகசியமாகப் புகார் சொன்னார்.

“அடுத்த வருஷம் நான் பேட்டா வாங்கற வரைக்கும்தானே, அப்புறம் என்னைத் தூங்க விடுவியான்னு கேட்டேன் மேடம். அதுக்கும் அவன் ஒத்துக்கல. வாங்கினதுக்கு அப்புறமும் வருவானாம்.”